தேங்க்ஸ் என்றால் என்ன?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பரோட்டா கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. குருவின் பெயர் நஸ்ரின், வயது முப்பத்திரண்டு. சீடர்களில் மூத்தவர் மாசிலாமணி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு போனில் பேச வேண்டும் என்று சேர்ந்தவர். வயதில் குருவுக்கு அப்பா ஸ்தானம், ஹோம்வொர்க்கில் ஒன்றாம் வகுப்பு.

ஒரு நாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்து போகவில்லை.

"டீச்சர், தேங்க்ஸ்னா என்ன?"

"அது தெரியாமலா இத்தனை நாளா சொல்லிட்டிருந்தீங்க?"

"தெரியும்னுதான் நெனச்சேன். வீட்டுல சொன்னேன். பேச்சே நின்னு போச்சு."

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது மனைவி தெய்வானை. ஆபரேஷன் நடந்து வருடம் திரும்பிய அன்று காலை, கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகிவிட்டுப் போய், அடுப்படியில் நின்றவளிடம் "தேங்க் யூ வெரி மச்" என்றிருக்கிறார். அவள் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாளாம்.

"என்ன சொன்னாங்க?"

"'யாருக்கோ எவருக்கோ சொல்ற மாதிரி சொல்றீங்க'ன்னா. அதோட சரி. சோறு வருது, குழம்பு வருது, பேச்சு வரல. நான் சொன்னதுல என்ன டீச்சர் தப்பு?"

நஸ்ரின் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சொல்லுக்கு நினைப்புன்னு அர்த்தம். 'திங்க்'கும் அதுவும் ஒரே குடும்பம். ஒருத்தங்களை மனசுல வச்சிருக்கிறது. நன்றிங்கிறதெல்லாம் பின்னாடி வந்தது."

"நான் நெனைக்காம இல்லையே. தெனமும் நெனைக்கிறேன்."

"சரி. ஆபரேஷன்ல எந்தப் பக்கம் எடுத்தாங்க?"

மாசிலாமணி சட்டையை லேசாகத் தூக்கி வலது அடிவயிற்றைத் தொட்டார். "எனக்கு இங்கதான் வச்சாங்க."

"உங்களுக்கு வச்சதைக் கேக்கல."

அவர் கை அப்படியே நின்றது. இத்தனை ஊருக்கு வண்டி ஓட்டிய மனிதருக்கு அது தெரியவில்லை. பாவமாக இருந்தது அவரைப் பார்க்க.

"வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"கேக்காதீங்க. பாருங்க."

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்கம் டீச்சர்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"தெருக்குழாய்ல தண்ணி வந்துச்சு. எல்லாப் பொம்பளைங்களும் குடத்தை இடது இடுப்புல வச்சுட்டுப் போறாங்க. இவ மட்டும் வலது இடுப்புல. முன்னெல்லாம் இவளும் இடதுலதான் தூக்குவா. எத்தனை நாளா இப்படித் தூக்குறாளோ, நான் வாசல்ல பேப்பர் படிச்சுட்டிருந்திருக்கேன்."

அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"எந்திரிச்சுப் போய்க் குடத்தை வாங்கித் தோள்ல வச்சுக்கிட்டேன். தெருவே பாத்துச்சு. அவ மொதல்ல விடல. 'இடது பக்கம்தானே'ன்னு கேட்டேன். கையை விட்டுட்டா."

"அப்புறம்?"

"பின்னாடியே வந்தா. வீட்டுப் படி ஏறும்போதுதான் வாயைத் திறந்தா. 'தளும்புது, பாத்து நடங்க'ன்னா. அவ்வளவுதான். தேங்க்ஸை நான் மறுபடி சொல்லவே இல்ல டீச்சர். இனிமே சொல்லணுமா?"

நஸ்ரின் சாக்பீஸை எடுத்தார்.

"அதான் பதில் வந்துருச்சே ஐயா. 'தளும்புது, பாத்து நடங்க.' அதுக்கு இங்கிலீஷ்ல 'யூ ஆர் வெல்கம்'னு சொல்லுவாங்க. நோட்டை எடுங்க."