உப்பாய் நின்ற வீராயி

முன்னொரு காலத்திலே, மலைகளெல்லாம் காலாற நடந்து திரிந்த காலத்திலே, உவர்க்கரை என்றொரு நாடு இருந்தது. அங்கே உப்பு விற்ற வீராயிக்குத் தத்தை என்று ஒரு மகள். காக்காய், கழுதை, காவல்காரன், எந்தக் குரலானாலும் அச்சு அசலாகப் பேசிக்காட்டுவாள் அந்தக் கெட்டிக்காரி!

ஒருநாள் மந்திரவாதி கரிமுகன் வந்தான். "ஏ பொம்பளே, மூட்டையை இறக்கு. எல்லாம் எனக்கு!"

"உங்க அப்பன் வீட்டு உப்பா?" என்றாள் வீராயி.

அவ்வளவுதான்! கமண்டலத் தண்ணீரை அள்ளித் தெளித்தான். "உப்பாய் நில்!"

வீராயி உப்புச் சிலையாகிவிட்டாள்.

தண்ணீர் தெளித்துச் சபித்தவன் விமோசனமும் சொல்ல வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம். கரிமுகன் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே குகைக்குப் போய்விட்டான். வானத்திலோ கருமேகம். மழை பெய்தால் அம்மா கரைந்துபோவாளே!

ஓடினாள், ஓடினாள், குகைவரை ஓடினாள் தத்தை. பாறைக்குப் பின்னால் ஒளிந்து ராஜா குரலில் அதட்டினாள். "கரிமுகா! விமோசனம் சொல்!"

"போய்க் கிரீடத்தைத் துடை, ராஜா!"

பூதத்தின் குரலில் உறுமினாள். "கரிமுகா! விமோசனம் சொல்!"

"உன்னை நேற்றே ஜாடியில் அடைத்தேனே? கத்தாமல் கிட!"

மூன்றாவதாக, சந்தையில் கேட்டிருந்த அவன் அம்மாவின் குரல். "ஏலே கரிமுகா! சோறு ஆறிப்போச்சு! யாரையோ உப்பாக்கிட்டியாமே? எப்படிலே மாத்துவே?"

கரிமுகன் துள்ளி எழுந்தான். "அம்மா! விமோசனம் நான் வைக்கவே இல்லம்மா! தண்ணி தெளிச்சு என் குரல்ல எது சொன்னாலும் பலிக்கும், அவ்வளவுதான்!"

பறந்து வந்தாள் தத்தை. முதல் துளி விழுந்து அம்மாவின் மூக்கு நுனி கரைந்திருந்தது. குளத்து நீரை அள்ளித் தெளித்து, கரிமுகன் குரலிலேயே கத்தினாள்: "பெண்ணாய் நட!"

வீராயி கண் திறந்தாள். "ஏண்டி, மழை வருது, மூட்டையை மூடினியா?"

ஏமாந்தது புரிந்து கரிமுகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். தத்தை மறுபடி நீரை அள்ளி அவன்மேல் தெளித்தாள். அவன் குரலிலேயே, "இனி யாரைச் சபிக்க வாயெடுத்தாலும் உன் வாய் உப்புக் கரிக்கட்டும்! மனதாரப் பாராட்டினால் இனிக்கட்டும்!" என்றாள்.

"அடி கழு... த்தூ! த்தூ!" துப்பித் துப்பி ஓய்ந்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஆனாலும் என் குரலை என்னைவிட நல்லாப் பேசுறியே, தாயி!"

வாயெல்லாம் வெல்லம்!

அன்றுமுதல் உவர்க்கரையில் அந்தப் பழைய வழக்கம் சட்டமானது: வெறும் கோபத்தில் கத்தினால் அது வசை. விடுபடும் வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்குச் சாபம் என்று பேர்.

மூக்கு நுனி குறைந்த வீராயி உப்பு விற்றாள், ஊர்க் குழம்பு ருசித்தது, நம் கதையும் கொதித்து இறங்கியது.