மொட்டை மாடிக்குப் போகவிருந்த சைக்கிள்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே கையை நீட்டினால் கிடைக்காது. அருமைநாயகம் அண்ணாச்சி நொண்டி நொண்டித்தான் அங்கே போய்ச் சேருவார். நாமும் அவர் வேகத்துக்குத்தான் போக வேண்டும்.

அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் அவர் நடந்து போவதைப் பார்த்தவர்கள் குறைவு. தீப்பெட்டி வாங்கக் கூட சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டாளிகளோடு திருச்செந்தூர் வரை மிதித்து, கடலைப் பார்த்து, சுக்குக் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார். போன ஐப்பசி மழையில், தண்ணீர் மூடிக் கிடந்த ஒரு வேகத்தடையில் ஏறி விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள்.

இப்போது எலும்பு கூடிவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து மூக்கால் பேசினார்: "ம்ம்... நல்லாருக்கு. சைக்கிள்தானே? தாராளமா ஓட்டுங்க. அடுத்த ஆள்!"

தாராளமாக ஓட்டத்தான் அண்ணாச்சியும் துடித்தார். விடிந்ததும் சைக்கிளை வாசலுக்குத் தள்ளுவார். இடது காலைப் பெடலில் வைப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்குவார். அது தூங்குகிற எருமை மாதிரி தரையிலேயே கிடக்கும். மறுநாளும் தள்ளுவார். மறுநாளும் எருமை.

சமையலறைக்குள் இருந்தே அவர் மனைவி செல்லக்கனி தீர்ப்புச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேலயும் அது வாசல்ல நின்னு என் சேலையக் கிழிச்சுதுன்னா, மொட்டை மாடில தண்ணித் தொட்டிக்கு அடியில கெட்டிப் போட்டுருவேன். ஆமா."

அந்த வீட்டில் மொட்டை மாடிக்குப் போன எதுவும் கீழே இறங்கியதில்லை. தையல் மெஷின் போனது. ஹார்மோனியம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. அண்ணாச்சி ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் சைக்கிள் என்று தெருக்கோடி மைதானத்துக்குப் போனார். வேப்ப மரத்தடியில் பர்வீன் காத்திருந்தாள்.

பர்வீன் பிசியோதெரபிக்காரி. அவள் சொன்னபடி சுவரைப் பிடித்து உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, ஒருநாள் கடுப்பில் அண்ணாச்சி "குருவே, போதும்!" என்று கும்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் குரு, இவர் சீடர். குருவுக்குச் சீடரின் வயதில் பாதி.

"குருவே, காலுல கொறை ஒண்ணும் இல்ல. இந்தப் பயம் எப்பம் போகும்?"

பர்வீன் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பெல்லை அடித்துப் பார்த்தாள்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது அண்ணாச்சி. கத்துக் குடுங்களேன்."

"நான் கேட்டது என்ன, நீங்க கேக்கது என்ன?"

"மொதல்ல கத்துக் குடுங்க. அப்புறம் பேசுவோம்."

குரு சொல்லிவிட்டால் என்ன செய்வது? அண்ணாச்சி ஹேண்டிலைக் கொடுத்தார்.

பர்வீன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்தாள். கால்விரலால் பெடலைப் பின்பக்கமாகச் சுழற்றி மேலே கொண்டு வந்து நிறுத்தினாள். ஏறினாள். ஏறியதும், "யா அல்லாஹ்!" என்று ஊரைக் கூட்டினாள். சைக்கிள் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு நேரே வேப்ப மரத்தைப் பார்த்துக் கிளம்பியது.

"ஹேண்டில ஒடிங்க! ஒடிங்கங்கேன்!"

"எந்தப் பக்கம்?"

"மரம் இல்லாத பக்கம்!"

அண்ணாச்சி ஓடிப் போய்க் கேரியரைப் பிடித்தார். கைத்தடி எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.

"விட்டுராதீங்க அண்ணாச்சி!"

"விட மாட்டேன். கீழ பாக்காதிய!"

"கீழ பாத்தாத்தானே எங்க விழப் போறேன்னு தெரியும்?"

"விழுறதுக்கு நல்ல எடமா பாக்கிய? மிதிங்க!"

மிதிக்கச் சொன்னால் பிரேக்கைப் பிடித்தாள். பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் பெல்லை அடித்தாள். வாக்கிங் வந்தவர்கள் நடப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. கோபம் அதைவிட அதிகமாக வாங்கியது.

"எம் மவனுக்கு ஒரே நாள்ல பழக்குனேன்! அவன் மண்டையில களிமண்ணு, அவனே படிச்சிட்டான்!"

பர்வீன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினாள். "ஏறும்போதே தடுமாறுது அண்ணாச்சி. ஏறுறது எப்படின்னே புரியல."

"புரியாம என்ன? குடுங்க வண்டிய. கண்ணத் தொறந்து பாக்கணும், ஆமா!"

பிடுங்கினார். இடது கால் பெடலில் ஏறியது. வலது கால் தரையை உந்தியது, கேரியருக்கு மேலே போனது, அந்தப் பக்கம் இறங்கியது.

"இவ்வளவுதான்! இதுக்குப் போயி அல்லாவக் கூப்பிட்டிய! ஒடம்ப வெறைக்கப்படாது. தோளத் தளத்தணும். கண்ணு தூரத்துல இருக்கணும். கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி!"

"வளைவுல மிதிய நிறுத்தணும்! இந்தா, இப்படி! பாக்கியளா?"

"பாக்குறேன் அண்ணாச்சி!"

மைதானத்தின் அந்தக் கோடியில், கோல் போஸ்ட்டைச் சுற்றித் திரும்பும்போது, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. அண்ணாச்சியின் பேச்சு நின்றது. மெல்லக் குனிந்து பார்த்தார். வலது முழங்கால் மேலே வந்தது. கீழே போனது. மறுபடி மேலே வந்தது.

மைதானத்தின் நடுவே கைத்தடி தனியாகக் கிடந்தது. மரத்தடியில் பர்வீன் துப்பட்டா முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பெடலைக் கால்விரலால் பின்னால் சுழற்றி மேலே கொண்டு வந்தாளே. அதை இவர் இன்னும் சொல்லித் தரவே இல்லையே.

அண்ணாச்சி நிறுத்தவில்லை. மரத்தை வட்டமடித்தபடியே கேட்டார்.

"குருவே. நீங்க எப்பம் படிச்சிய?"

"அஞ்சாங் கிளாஸ்ல. எங்க வாப்பா சைக்கிள்ல."

"அப்பம் இவ்வளவு நேரமும் விழுந்து விழுந்து..."

"அதை ஏன் கேக்குறீங்க! ஓட்டத் தெரிஞ்சுக்கிட்டு, தெரியாத மாதிரியே இருக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு." பர்வீன் நடந்து போய்க் கைத்தடியை எடுத்து மண்ணைத் தட்டினாள். "நீங்க எப்படித்தான் இத்தனை நாளா சமாளிச்சீங்களோ அண்ணாச்சி!"

அண்ணாச்சி அப்படியே மைதானத்தை விட்டு வெளியே மிதித்தார். கேட்டைத் தாண்டி, வீட்டுத் தெருவுக்குள் திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாசலில் கயிற்றோடு நின்ற செல்லக்கனிக்கு முதலில் கேட்டது சிரிப்பு. பெல் சத்தம் அப்புறம்தான்.