மூன்று முறை அழைத்தும்

தணிகாசலம் அரசு உத்தரவுகளை எழுதியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ரெஜினா, அவரைவிட இருபது வயது இளையவர்.

காது கேளாதோருக்குக் கருவி வழங்கும் திட்டம்தான் ஆய்வுப் பொருள். அவரே எழுதிய திட்டம். வந்த கருவிகளில் பாதிக்குமேல் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தன. அது அவர் மனதை அரித்தது.

“மேடம், ஒரு திட்டம் ஏன் தோத்துதுன்னு உத்தரவுலேருந்து கீழ்நோக்கிப் பார்க்கணும்னு ஆய்வாளர்கள்ல ஒரு கூட்டம் சொல்லுது. ஜன்னல்ல இருக்கிற எழுத்தர்லேருந்து மேல்நோக்கிப் பார்க்கணும்னு இன்னொரு கூட்டம். நான் எங்கேருந்து பார்க்க?”

“நாளைக்குக் கருவி கொடுக்கிற முகாம் இருக்கு. வாங்க சார்.”

அது அந்த ஆண்டின் கடைசி முகாம். பெஞ்சில் ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். நான்காவது தடவையாக வந்திருக்கிறாள். தன் மனுவின் நகலை எடுத்துத் தணிகாசலத்திடம் நீட்டினாள். ‘குழந்தை அழுதால் எனக்குத் தெரிவதில்லை’ என்று ஒரே வரி. கீழே செல்லத்தாய் என்று கையெழுத்து.

“செல்லத்தாய்!” என்று ஜன்னலிலிருந்து எழுத்தர் கூப்பிட்டார். மூச்சு விடாமல் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்.

குழந்தை தலையைத் திருப்பியது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தாள். எழுத்தர் ‘வரவில்லை’ என்று எழுதினார்.

தணிகாசலம் ஜன்னலுக்கு ஓடினார். “அந்தம்மா அங்கதானே இருக்கு! காது கேட்காதுன்னு தெரியாதா?”

“தெரியும் சார். மூணு தடவை கூப்பிட்டும் வரலைன்னா மனுவை முடிச்சிடணும்னு உத்தரவு. போன வருஷம் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். மெமோ வந்துச்சு. யாரோ தணிகாசலமாம், கையெழுத்துப் போட்டிருந்தார்.”

தணிகாசலம் ரெஜினாவிடம் திரும்பி வந்தார்.

“எங்கேருந்து பார்க்கணும், சொல்லுங்க மேடம்.”

“அந்தம்மா பக்கத்துல உட்காருங்க. ரெண்டு காதையும் பொத்திக்கோங்க. நான் தொடுற வரைக்கும் கையை எடுக்காதீங்க.”

தணிகாசலம் அப்படியே செய்தார். ரெஜினா ஜன்னலுக்குப் போய் எழுத்தரிடம் ஏதோ சொன்னார்.

ஜன்னலில் ஒரு வாய் திறந்து மூடியது. பேனா அசைந்தது. மறுபடி வாய், மறுபடி பேனா. செல்லத்தாய் அவரைப் பார்த்துச் சிரித்தாள். தன்னைப் போல ஒருவர் என்று நினைத்திருப்பாள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் சாடை காட்டினாள்.

ஜன்னலை மூடிவிட்டார்கள். ரெஜினா அவர் தோளைத் தொட்டார்.

“என்ன தெரிஞ்சுது சார்?”

“ஒண்ணும் தெரியலை மேடம். யாரையோ கூப்பிடறாங்க. நம்ம முறை இன்னும் வரலைன்னு தோணுது.”

“உங்க பேரையும் கூப்பிட்டார் சார். மூணு தடவை.”