முனையில் நின்ற சதுரம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகவில்லையென்றால் ஊருக்கே தூக்கம் போய்விடும் ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். வேட்டையும் சலித்து, பாட்டும் சலித்துப்போன ஒரு நாள், அரண்மனைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்குத் தாமே பரீட்சை வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். குழந்தைகள் வடிவங்களை இனம் பிரித்துக் காட்ட வேண்டுமாம். அதுவும் அன்றைக்கே!

பள்ளிக்கூடத்தை நடத்தியவள் கோதையம்மை. ஒரு குழந்தை தவறினாலும் அவள் வேலையை விட்டு, நாட்டையும் விட்டுப் போக வேண்டும் என்று ஆணை. இதை அரசர் காதில் ஓதியவர் தலைமைப் பண்டிதர் ஆதிமூலர். அவருடைய மாப்பிள்ளை வேலைவெட்டி இல்லாமல் மாமனார் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை அந்த வேலையில் உட்கார வைக்க வேண்டாமா?

விகடகவி மாசிலானுக்கு அன்று சிரிப்பே வரவில்லை. அவன் மகள் செவ்வந்தியும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். சின்னஞ்சிறு பெண். வரிசையின் கடைசியில் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சபை நடுவே சதுரத்துக்கு ஒரு கூடை, முக்கோணத்துக்கு ஒரு கூடை, மற்றதற்கெல்லாம் ஒரு கூடை வைத்திருந்தார்கள். ஆதிமூலர் மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். குழந்தைகள் தவறில்லாமல் போட்டார்கள். பண்டிதரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

செவ்வந்தியின் முறை வந்தபோது, அவர் ஒரு துண்டை முனை கீழே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து நீட்டினார். செவ்வந்தி அதை வாங்கினாள். கோதையம்மை பழக்கியபடியே நூலைப் பிடித்துப் பக்கங்களை அளந்தாள். இரண்டு முறை மடித்துச் செங்கோணமாக்கிய தாமரை இலையை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு சதுரக் கூடையில் போட்டாள்.

"தவறு!" என்று ஆதிமூலர் கூவினார். "மன்னா, தாங்களே கண்டீர்கள். சதுரம் என்பது தரையில் அமர்ந்திருக்கும். இதுவோ முனையில் நின்றது. இது எப்படிச் சதுரமாகும்?"

அரசரும் கண்ணால் பார்த்ததோடு சரி. "ஆம். திரும்பி நின்றால் அது வேறு பொருள். இதுவே நம் தீர்ப்பு. பொழுது சாய்வதற்குள் கோதையம்மை எல்லையைத் தாண்டட்டும்" என்றார்.

அந்த அரசர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதே கிடையாது. செவ்வந்தி ஓடிவந்து தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் அளந்துதான் போட்டேன். என்னாலதான் வாத்தியாரம்மா போறாங்களா?"

மாசிலான் அவள் கையை மெல்ல விடுவித்தான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களை மேலே தூக்கி, கைகளாலேயே நடந்து சிம்மாசனத்தின் முன்னால் போய் நின்றான். தலைப்பாகை உருண்டோடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அரசருக்குக் கோபம் வந்தால் தலைப்பாகையோடு நிற்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

"மாசிலா! சபையில் இது என்ன கூத்து?" என்று ஆதிமூலர் சீறினார்.

"யாரை அழைக்கிறீர்கள், பண்டிதரே? திரும்பி நின்றால் வேறு பொருள் என்பது மன்னரின் தீர்ப்பு. மாசிலான் இங்கே இல்லை."

"தலைகீழாய் நின்றால் உன்னை எனக்குத் தெரியாதா?"

"அப்படியானால் ஓர் ஐயம். இப்போது நிமிர்ந்து அமர்ந்திருப்பவர் மன்னர். இரவில் கட்டிலில் படுத்திருப்பவர் யார்?"

காவலர்கள் ஈட்டிகளை இறுகப் பிடித்தார்கள். அரசரின் புருவம் உயர்ந்தது. ஆதிமூலருக்கு வியர்த்துக் கொட்டியது. வேறு யாரோ என்றால் தலை போகும். மன்னர்தான் என்றால் வழக்கு போகும்.

"மன்னர்தான்!" என்றார் கம்மிய குரலில். "படுத்தாலும் அவர் குலம் மாறுமா? ஆணை மாறுமா?"

"மாறாததை வைத்துத்தான் இன்னார் என்று சொல்கிறோம். குழந்தையும் அதைத்தானே செய்தாள்?" என்ற மாசிலான் கை தளர்ந்து தொப்பென்று விழுந்தான்.

அரசர் அப்போதும் சிரிக்கவில்லை. செவ்வந்தியை அருகே அழைத்தார். "குழந்தாய், அதை ஏன் அந்தக் கூடையில் போட்டாய்?"

அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"நாலு பக்கமும் ஒரே அளவா இருந்துச்சு. நாலு மூலையிலயும் இலை சரியா உக்காந்துச்சு. அவரு திருப்பிப் பிடிச்சா மூலையெல்லாம் எங்க போயிடும், ராஜா?"

அரசர் அந்தத் துண்டை வாங்கி முனையில் நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கிரீடம் வழுக்கி மடியில் விழுந்தது.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இது விழுந்தும் நான் மன்னன்தானே, பண்டிதரே?" என்று கேட்ட அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நம் தீர்ப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டோம். எப்படித் திருப்பினாலும் அது தவறாகவே இருக்கிறது. கோதையம்மை இங்கேயே இருக்கட்டும். இனி, ஏன் என்று கேட்காமல் எந்தக் குழந்தையையும் தவறென்று சொல்லக் கூடாது. உம் மாப்பிள்ளையையும் நாளை முதல் பள்ளிக்கு அனுப்பும். செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்!"

தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டார். கோதையம்மை செவ்வந்தியை அள்ளிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் செவ்வந்தி தகப்பன் விரலை விடவே இல்லை.

"அப்பா, இனிமே ராஜா முன்னாடி தலைகீழா நிக்காதீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் கண்ணு" என்றான் மாசிலான்.