கோவிலில் சொன்ன தடை

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். தேரிவிளைக் கோவிலில் அதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. கேட்பது ஒரு சடங்கு, சும்மா இருப்பது இன்னொரு சடங்கு.

அந்த ஞாயிறு இஞ்ஞாசிக்கும் சவேரியாளுக்கும் இரண்டாம் ஓலை. வண்டிக்காரன் இஞ்ஞாசிக்கு இது முதல் கல்யாணம். சவேரியாள் கைம்பெண். இடுப்பில் பிரகாசி என்று ஒரு பெண்பிள்ளை.

சாமியார் கேட்டு முடித்ததும், ஊருக்கு ஜெபமும் வேதமும் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் ஞானாதிக்கம் எழுந்து நின்றார்.

“தடை இருக்கு சாமி.”

கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“இஞ்ஞாசி அவ பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினவன். தண்ணி ஊத்தினவனுக்கும் பிள்ளையைப் பெத்தவளுக்கும் ஞான உறவு உண்டாகுது. ஞான உறவுக்காரங்க கட்டக் கூடாது. திருச்சபைச் சட்டம்.”

வெள்ளைக்காரர் காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. இஞ்ஞாசிக்கு அது தெரியாது. சவேரியாளுக்கும் தெரியாது. அவள் பக்கத்தில் இருந்த பெண்கள் பாயைச் சற்று இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் ஊர் அதற்குக் கை கால் வைத்துவிட்டது. பிள்ளைக்கு ஞானத் தகப்பனையே வளைத்துப் போட்டாளாம் என்றார்கள். சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்கடுத்த புதன்கிழமை தபசு காலம் தொடங்கிவிடும், பிறகு ஈஸ்டர் வரை கல்யாணமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்குள் கோவில் இவர்களை ஏற்காவிட்டால் இஞ்ஞாசி சவேரியாள் வீட்டுப்பக்கம் தலைகாட்டக் கூடாது. காட்டினால் இரண்டு பேருக்கும் கோவிலும் இல்லை, கல்லறையும் இல்லை. இப்படித் தீர்ப்பாயிற்று.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் உபதேசியார் வழக்கம்போல் சாமியாரிடம் பாடம் கேட்கப் போனார். சாமியார் அமிர்தநாதர் இவரைவிட வயதில் இளையவர், பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் இலத்தீனும் வேதசாஸ்திரமும் கற்றவர் என்று ஞானாதிக்கம் அவர் காலடியில் சீஷனாக உட்கார்ந்துவிட்டார். இவருக்குப் படிப்பின்மேல் அப்படி ஒரு ஆசை. அன்றைக்குச் சாமியார் நாலு வார்த்தை பாராட்டுவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

சாமியார் பாடத்தைத் திறக்கவில்லை.

“நேத்து நான் சொன்னது சட்டப்படி சரிதானே சாமி?”

“சரிதான்.”

“பின்ன ஏன் சாமி முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“எனக்கு ஒண்ணு விளங்கல. இஞ்ஞாசி தண்ணி ஊத்தினது நேத்து வரை ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. உமக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“நாந்தானே சாமி அவனுக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன்.”

சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அது காதில் வேறு விதமாக விழுந்தது.

சாமியார் எழுந்தார். “உம்ம வீட்டுக்குப் போவோம்.”

உபதேசியார் வீடு கோவிலுக்கு அடுத்தாற்போல. வாசலில் சாமியார் நின்றுகொண்டார்.

“நீர் உள்ளே போய் நில்லும். அன்னிக்கு அவன் எங்கே நின்னான்?”

“அங்கதான், முத்தத்துல. அன்னிக்கு நல்ல மழை சாமி.”

“இன்னிக்கு வெயில். பரவாயில்ல.” சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்து மணலில் இறங்கினார். “இப்ப நான் இஞ்ஞாசி. உபதேசியாரே, சவேரியாள் பிள்ளைக்கு மூச்சு வாங்குது. தாங்காது போல இருக்கு. வாரும்.”

“எதுக்கு சாமி இதெல்லாம்.”

“வாரும்னு கூப்பிடறேன். என்ன சொன்னீர்?”

“ஆபத்து நேரத்துல யாரும் ஊத்தலாம், நீயே ஊத்துன்னு சொன்னேன். அதுவும் சட்டந்தான்.”

“சட்டந்தான். வார்த்தையைச் சொல்லிக் கொடும்.”

உபதேசியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவுடைய நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

“வண்டிக்காரன் இதை ஒரே தடவையில பிடிச்சுக்கிட்டானா?”

“எங்க பிடிச்சான். இஸ்பிரீத்துசாந்து அவன் வாயில நுழையவே இல்ல. திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். பாதி தூரம் போயி, மறந்துட்டுன்னு ஓடி வந்தான். மறுபடியும் சொல்லிக் கொடுத்தேன்.”

“சவேரியாள் வீடு எது?”

உபதேசியார் கையை நீட்டிக் காட்டினார். கோவில் தெரு முடிகிற இடத்தில் ஒரு ஓலைக் குடிசை. வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது.

“இத்தனை தடவை சொல்லிக் கொடுத்த நேரத்துல நீர் போயிட்டே வந்திருக்கலாமே.”

உபதேசியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மண்டைக்குள் சட்டம் எல்லாம் அடுக்காகத்தான் இருந்தது. இந்தக் கேள்விக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை.

“வேற ஒண்ணும் சொல்லலையா அவன்கிட்ட?”

“வேற ஒண்ணும் இல்ல சாமி.”

உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி மிக்கேலம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

“சொன்னாக சாமி. நான் இங்கதான் நின்னேன். ஊரை மீறிக் கட்டுனவ வீட்டுப் படியை மிதிச்சா நாளைக்கு எவன் என்னை ஜெபம் சொல்லக் கூப்பிடுவாம்னு சொன்னாக. போங்க, பச்சைப்பிள்ளைன்னு நான் சொன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்னை அடக்கிட்டாக.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஞானாதிக்கத்துக்கு முகம் எரிந்தது. சவேரியாள் முதலில் கட்டினவன் வேறு சாதிக்காரன். அன்றையிலிருந்து அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு. அவன் பனையிலிருந்து விழுந்து செத்தபோதும் கட்டுப்பாடு சாகவில்லை. அந்த மழை நாளில் மூச்சு வாங்கிய பிள்ளை பிழைத்தது. தண்ணி ஊற்றிய இஞ்ஞாசிதான் விடிய விடிய அதன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு பிள்ளையைப் பார்க்க என்று போகத் தொடங்கினான். போகப் போக அந்த வீட்டு மனிதனாகிவிட்டான். உபதேசியார் போயிருந்தால் அவர்கள் கதை என்னவாகியிருக்குமோ, தடை மட்டும் இருந்திருக்காது.

சாமியார் இன்னும் மணலில்தான் நின்றார்.

“விலக்கு கொடுக்க முடியாதா சாமி?” என்றார் உபதேசியார்.

“முடியும். நம்ம பங்குக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் எனக்கு அந்த அதிகாரம் கொடுத்திருக்கார்.”

“அப்ப கொடுத்துடுங்க.”

“நீர் கோவில்ல எழுந்து சொன்ன தடை அது. நான் ரகசியமா விலக்கினா, சாமி எதுக்கு இவளுக்கு இளகினார்னு ஊர் பேசும். கெடுறது அவ பேருதான். அவன் ஏன் தண்ணி ஊத்த வேண்டி வந்துதுன்னு கோவில் காதாரக் கேட்கணும்.”

“நான் சொல்லணுமா?”

“வேற யாருக்குத் தெரியும்?”

உபதேசியார் இறங்கி வந்து சாமியார் முன்னால் முழங்காலிட்டார். “சாமி, நான் இப்பவே பாவசங்கீர்த்தனம் பண்ணிடுதேன். அதுல எல்லாத்தையும் சொல்லிடுதேன். என்ன அபராதம் கொடுத்தாலும் செய்யுதேன்.”

“தாராளமாப் பண்ணும். கேட்கிறது என் கடமை. அங்கே சொன்னா உமக்குத் தீரும். ஆனா அதை நான் வெளியே மூச்சுவிட முடியாது. சவேரியாளுக்கு எப்படித் தீரும்?”

உபதேசியார் எழுந்திருக்க நேரமாயிற்று. பாவசங்கீர்த்தனம் கேட்டு அவர் மறுபடி வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் அவர் ஜெபம் சொல்லப் போன வீட்டில் எல்லாம் பனைவெல்லமும் பாராட்டும் கிடைத்தது. நல்ல வேளை உபதேசியாரே, கோவில் மானத்தைக் காப்பாத்தினீரு என்றார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவருக்கு உடம்பு கூசியது. வீட்டில் மிக்கேலம்மாள் சோறு போட்டாள், பேசினாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எடுத்துத் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஞாயிறு விடியுமுன் செத்துப்போகலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த நினைப்பு. இரண்டாவது கொஞ்சம் வசதியாகத் தோன்றியது.

சனிக்கிழமை கிணற்றடியில் இஞ்ஞாசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். உபதேசியார் பார்க்காததுபோல் திரும்பி நடந்தார். அவனே பின்னால் வந்தான்.

“உபதேசியாரே, ஒண்ணு கேக்கணும்.”

திட்டப் போகிறான் என்று நினைத்தார். திட்டட்டும் என்றும் இருந்தது.

“எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது. தெரிஞ்சவரு நீருதான். அன்னிக்கு நான் தண்ணி ஊத்தாம நின்னிருக்கணுமோ?”

உபதேசியார் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஊத்தாம இருந்தா இன்னிக்கு அவளைக் கட்டியிருக்கலாம்லா. அதான் கேக்கேன். நீரு சொல்லிக் கொடுத்த மாதிரிதான் ஊத்தினேன். வார்த்தையில எதும் தப்பிருந்துதோ என்னமோ.”

கேலி இல்லை. குத்தல் இல்லை. தப்பு தன் வாயில்தான் இருக்கும் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

“தப்பு இல்ல இஞ்ஞாசி,” என்றார் உபதேசியார். அதற்கு மேல் நிற்க முடியாமல் நடந்துவிட்டார். கருவேலமரத்துப் பக்கம் போனதும் மறைவாக நின்று அழுதார். வயதான ஆண்பிள்ளை அழுவது யாருக்கும் தெரியக் கூடாது என்று அப்போதும் சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. சவேரியாள் கோவிலுக்கு உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே பிள்ளையோடு முழங்காலிட்டிருந்தாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி இஞ்ஞாசி.

சாமியார் மூன்றாம் ஓலையைக் கையில் எடுத்தார். “போன ஞாயிறு ஒரு தடை சொல்லப்பட்டது. அதைப் பற்றி யாருக்காவது மேற்கொண்டு சொல்ல இருக்கிறதா?”

உபதேசியார் எழுந்தார். “அந்தத் தடையை நான் எடுத்துக்கிடுதேன் சாமி.”

“அது சட்டத்தில் உள்ளது. நீர் எடுக்க முடியாது. அவன் ஏன் தண்ணீர் ஊற்றினான் என்று சொல்லும்.”

அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. உபதேசியார் முன்வரிசையைப் பார்த்தார். அவரைப் பாராட்டியவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள்.

“என்னைத்தான் கூப்பிட்டான்,” என்றார். “பிள்ளை சாகக் கெடந்துது. நான் போகல. அந்த வீட்டுக்குப் போனா நீங்க என்னை உங்க வீட்டுக்குக் கூப்பிட மாட்டீங்கன்னு போகல. வாசல்ல நின்னுக்கிட்டு, மழையில நின்ன அவனுக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். அது நான் ஊத்த வேண்டிய தண்ணி. அதை அவன் ஊத்தினான். அதையே தடைன்னு இங்க எழுந்து சொன்னேன்.”



சாமியார் விலக்கைச் சொன்னார். ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருப்பது அன்றைக்குச் சடங்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கல்யாணம் என்று சாமியார் அறிவித்தார்.

பூசை முடிந்து சனம் வெளியே போயிற்று. கதவுக்கு வெளியே படியோரம் நின்ற உபதேசியாருக்கு யாரும் தோத்திரம் சொல்லவில்லை. இஞ்ஞாசி ஏதோ சொல்ல வந்து, வார்த்தை அகப்படாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனான். சவேரியாள் அவரைத் தாண்டும்போது நின்றாள். அவரை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

உபதேசியார், சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனார். சாமியார் பூசை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

“சாமி.”

“சொல்லும்.”

“சொல்லிட்டா பாரம் இறங்கும்னு நெனச்சேன். இறங்கல. வெக்கம் பிடுங்கித் தின்னுது. இனிமே தெருவுல எப்படி நடப்பேன்? இது எப்ப குறையும் சாமி?”

சாமியார் மடித்த உடுப்பைப் பெட்டியில் வைத்தார்.

“பிரகாசிக்கு இப்ப மூணு வயசு. அத்தனை காலமும் உம்ம வெக்கத்தை இஞ்ஞாசியும் சவேரியாளும்தான் சுமந்தாங்க. இன்னிக்குத்தான் அது உரியவர்கிட்ட வந்து சேர்ந்திருக்கு. வந்த அன்னிக்கே அதை எங்கே அனுப்பப் பார்க்கிறீர்?”