அளவுக்குள் இருந்த பள்ளங்கள்

ரயில்வே பயிற்சி மையத்தில் சுபைதா என்றொரு ஆசிரியை இருந்தார். ஓடுகிற வண்டி எப்போது ஆடும், எப்போது தடம் புரளும் என்பதுதான் அவர் நடத்திய பாடம்.

அவரிடம் படித்தவர்களில் நயினாரும் ஒருவர். தண்டவாளப் பராமரிப்புப் பொறியாளர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். பயிற்சி முடிந்து ஊருக்குப் போன பிறகும் சந்தேகம் வந்தால் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

அப்படி ஒரு மத்தியானம் வந்தார். முகம் சரியில்லை.

"மேடம், ஆத்துப் பாலத்தைத் தாண்டினா ஒரு வளைவு வருது. மழைக்கு அப்புறம் அங்க மண் இறங்கிடுச்சு. தண்டவாளத்துல வரிசையா பள்ளம். ஒவ்வொண்ணையும் அளந்துட்டேன். எல்லாமே அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"புது எக்ஸ்பிரஸ் அது மேல பறக்கும்போது பெட்டிங்க ஆடுற ஆட்டம் எனக்குச் சரியாப் படலை. மேல சொன்னா, எந்தப் பள்ளம் ஆபத்துன்னு காட்டுய்யான்னு கேப்பாங்க. எதைக் காட்ட?"

சுபைதா எழுந்தார். "வாங்க."

மையத்துக் குடியிருப்புக்குப் பின்னால் சிறுவர் பூங்கா. வெயிலில் ஆளில்லை. அங்கிருந்த இரும்பு ஊஞ்சலைக் காட்டி, "உட்காருங்க" என்றார்.

நயினார் கனத்த மனிதர். கூச்சத்தோடு உட்கார்ந்தார். சங்கிலி முனகியது.

சுபைதா அவர் முதுகில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினார். அசைந்ததா என்றே தெரியவில்லை. தோன்றிய நேரத்தில் எல்லாம் தள்ளினார். ஊஞ்சல் தடுமாறி நின்றது.

பிறகு பொறுமையாகக் காத்திருந்து தள்ளினார். ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் நேரம் பார்த்து அதே விரல், அதே அழுத்தம். மறுபடியும். மறுபடியும்.

நயினாரின் கால்கள் தரையை விட்டன. ஊஞ்சல் கம்பம் கிடுகிடுத்தது. மேலே போய்த் திரும்பும் இடத்தில் பலகை தன்னை விட்டு நழுவுவதுபோல் இருந்தது அவருக்கு.

"போதும் மேடம்! நிறுத்துங்க!"

சுபைதா இன்னொரு தடவை தள்ளினார். அதன்பிறகுதான் விலகினார்.

நயினார் காலைத் தேய்த்து ஊஞ்சலை நிறுத்தினார். சட்டை நனைந்திருந்தது.

"இதுல எந்தத் தள்ளு அளவை மீறிச்சு?"

நயினார் ஊஞ்சலை விட்டு இறங்கினார்.

"பள்ளங்களுக்கு நடுவுல இடைவெளி ஏறக்குறைய ஒண்ணுபோலதான் இருக்கு மேடம்."

"வண்டி மெதுவாப் போனா?"

"தள்ளு நேரம் தப்பி விழும். ஆட்டம் வளராது."

"இப்பப் போற வேகத்துல?"

"நேரத்துக்குச் சரியா விழும். ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். சக்கரத்து மேல பாரம் குறையும். அதுவும் வளைவுல சக்கரம் தண்டவாளத்து மேலயே ஏறிடும்."

நயினார் கிளம்பிவிட்டார். சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

மறுநாள் முதல் அந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் ஊர்ந்து போனது. நயினார் போட்ட உத்தரவு. மேலதிகாரி கூப்பிட்டுக் கத்தினார். "எல்லாம் அளவுக்குள்ள இருக்குன்னு நீரே சொல்றீர். அப்புறம் எதுக்கய்யா வண்டியைக் கட்டிப் போடுறீர்?" நயினார் விளக்கினார். ஜல்லி போட்டு அந்தப் பகுதி முழுவதையும் தூக்கி நிறுத்த வேண்டும், அதற்கு வழியைச் சில நாள் மூட வேண்டும் என்றார். மூட அனுமதி கிடைக்கவில்லை. அவரும் உத்தரவை எடுக்கவில்லை.

கோடை முழுவதும் அப்படியே போனது. அடுத்த மழை தொடங்கும் முன்பு அவரைத் தொலைதூரத்துச் சரக்கு நிலையத்துக்கு மாற்றினார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர் பெயர் ஜெபமணி. கடமை தவறாதவர். வந்ததும் ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்தார். எல்லாம் அளவுக்குள் இருந்தன. வண்டியை மெதுவாக விடச் சொன்ன உத்தரவை எடுத்தார்.

மழை விட்ட ஒரு காலையில் எக்ஸ்பிரஸ் அந்த வளைவில் தடம் புரண்டது. பெட்டிகள் தண்டவாளக் கரையிலிருந்து உருண்டு வயலில் விழுந்தன.

சேதி கேட்டு, யாரும் அழைக்காமலே நயினார் கிளம்பி மத்தியானம் போய்ச் சேர்ந்தார். சேற்றில் இறங்கி ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் பிடித்திருந்தவர் ஜெபமணி. பொழுது சாயும்வரை இருவரும் சுமந்தார்கள். கடைசி உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு ஜெபமணி சொன்னார்:

"ஒவ்வொண்ணையும் நானே அளந்தேன் சார்."

நயினார் காலி ஸ்ட்ரெச்சரை மடக்கினார்.

அடுத்த நாள் அவர் சுபைதாவின் முன்னால் போய் நின்றார். செருப்பில் சேறு காய்ந்திருந்தது. சுபைதா தண்ணீர் கொடுத்தார். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"காரணம் தெரிஞ்சு என்ன மேடம் பிரயோஜனம்? அத்தனை பேச்சு வாங்கி நான் வண்டியை மெதுவா மெதுவா அனுப்பி என்ன ஆச்சு? சாக வேண்டியவங்க செத்துட்டாங்க."

சுபைதா கேட்டார்.

"நீங்க அங்க இருந்தப்போ அந்த வண்டி தினமும் போச்சா?"

"போச்சு."

"கூட்டம் இருக்குமா?"

"நிக்க இடம் இருக்காது."

"அவங்கல்லாம் என்ன ஆனாங்க?"

நயினாருக்குக் கேள்வி புரியவில்லை.

"அவங்களுக்கு என்ன? ஒண்ணும் ஆகலையே."

"ஆமா" என்றார் சுபைதா. "வண்டி லேட்டுன்னு உங்களைத் திட்டிக்கிட்டே வீடு போய்ச் சேர்ந்தாங்க."