கணவாயில் வளர்ந்த காலடி

ஒரு மலைக்காட்டில், மரங்களெல்லாம் மேலே ஏற மாட்டாமல் நின்றுவிடும் உயரத்தில், ஒரு கணவாய் இருந்தது. அங்கே புல் இல்லை, இரை இல்லை, பனிதான் உண்டு. ஆனாலும் தெற்குச் சரிவை ஆண்ட பனிச்சிறுத்தை, "அது என் கணவாய்" என்றது. வடக்குச் சரிவை ஆண்ட கரடியும் அதையேதான் சொன்னது. இரண்டும் அங்கே குடியிருக்கப் போவதில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, குழந்தைகளே.

அந்தக் கணவாய் உண்மையில் தேவைப்பட்டது ஒரு கஸ்தூரி மானுக்குத்தான். அதன் குட்டி வடக்குச் சரிவில் ஒரு பாறை இடுக்கில் இருந்தது. மேய்ச்சலோ தெற்கில். தினமும் விடியற்காலையில் மான் கணவாயைக் கடந்து மேயப் போகும். மாலையில் திரும்பி வந்து குட்டிக்குப் பால் கொடுக்கும்.

ஒரு நாள் நண்பகலில், காவலுக்குப் போன ஓநாய் மூச்சிரைக்கச் சிறுத்தையிடம் ஓடிவந்தது.

"ராஜா, கணவாயில் ஒரு காலடித் தடம். முறம் அகலம் இருக்கிறது. கரடி எல்லை தாண்டிவிட்டது."

அதே தடத்தை மறுபக்கத்திலிருந்து வந்த கரடியும் பார்த்தது. "இவ்வளவு பெரிய சிறுத்தையா?" என்று இரண்டடி பின்வாங்கியது. இரண்டும் தத்தம் பக்கத்தில் பாறை மறைவில் போய் உட்கார்ந்துகொண்டன. கணவாய் மூடப்பட்டது. மாலையில் வந்த மானை ஓநாய் தடுத்துச் சிறுத்தையின் முன் நிறுத்தியது.

"என் குட்டி அந்தப் பக்கம் பசியோடு இருக்கிறது, ராஜா. அது என் காலடிதான். காலையில் பதிந்தது. வெயில் பட்டுப் பனி உருகினால் தடம் அகன்றுவிடும்" என்றது மான்.

சிறுத்தை மானின் குளம்பைப் பார்த்தது. கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. சிரித்துவிட்டது.

"நம்பாவிட்டால், காலையில் உங்கள் பாதத்தையே பதித்துப் பாருங்கள்."

மறுநாள் காலையில் சிறுத்தை அப்படியே செய்தது. நண்பகலில் போய்ப் பார்த்தால் தடம் நாலு மடங்கு. மான் சொன்னது உண்மை என்று அதற்குப் புரிந்தது. ஆனால் ராஜாக்களுக்கு உண்மை புரிந்தால் மட்டும் போதுமா? தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. முகம் மலர்ந்தது.

"பார்த்தாயா, ஓநாயே? நான் இவ்வளவு பெரியவன் என்று கரடி நினைத்துக்கொள்ளும். யாரும் இதை அழிக்கக் கூடாது."

"அப்படியென்றால் வழியைத் திறந்துவிடுவீர்களா?" என்றது மான்.

"வழி மூடியே இருக்கட்டும். இனி நானே இங்கே உட்கார்ந்து காவல் காக்கப் போகிறேன்."

மானுக்கு அழுகை முட்டியது. குட்டி பால் குடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அழுது என்ன பயன்? பணிவாகக் கேட்டது.

"ஒரு சந்தேகம், ராஜா. கரடி வந்து தடத்தைப் பார்க்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் உங்களையும் பார்க்கும் அல்லவா?"

சிறுத்தை தடத்தைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது.

"கீழே போகலாம் வா, ஓநாயே. இந்தக் குளிர்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லி, ஓநாயையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

சற்று நேரத்தில் கரடி எட்டிப் பார்த்தது. நேற்றையதைவிடப் பெரிய தடம். "தேன் எடுக்கும் வேளை தப்புகிறதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே போய்விட்டது.

யாருமில்லாத கணவாயை மான் ஒரே ஓட்டமாகக் கடந்தது.

அன்று மாலை கணவாயை வென்றதற்காக இரண்டு சரிவுகளிலும் விருந்து நடந்தது. ஆரவாரம் மலையெங்கும் கேட்டது. மான்குட்டி மட்டும் தலை நிமிரவில்லை. அது பால் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: பயமும் தற்பெருமையும் எதையும் உள்ள அளவில் பார்க்க விடுவதில்லை.